கொட்டகையில் நின்றுபோன எம்ஜிபி: முதலில் பிரேக், இன்ஜின் அப்புறம்

கேள்வி இதுதான்: குன்னூரில் மாமனார் வீட்டுக் கொட்டகையில் 1965-ஆம் வருட எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று 12 வருடமாக நிற்கிறது. கோவையில் ஒரு பட்டறையில் கேட்டதற்கு, "லாரியில் ஏற்றி அனுப்புங்கள், முழுசாகப் பிரித்துச் செய்யலாம்" என்கிறார்கள். வார இறுதிகளில் நானே செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது? முடிந்த பிறகு மலைப்பாதையில் ஓட்டலாமா?

முடியும். ஓட்டவும் செய்யலாம். முழுசாகப் பிரிக்கும் யோசனையை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பிரிப்பதற்கு ஒரு வாரம் போதும், பூட்டுவதற்கு வருடங்கள் ஆகும். நீலகிரியில் பல வீடுகளில் பழைய கார்கள் அட்டைப்பெட்டிகளில்தான் இருக்கின்றன. எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று அறிந்தவர் அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்.

எம்ஜிபி வீட்டில் வைத்துச் செய்யத் தோதான கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் ஒரு ரப்பர் வாஷர் முதல் முழு பாடி வரை இன்றும் அங்கே புதிதாகக் கிடைக்கிறது. இன்ஜின் நமக்கு அந்நியமும் இல்லை. அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் உங்கள் 1798 சிசி இன்ஜினும் ஒரே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம். அம்பாசடரில் டாப்பெட் (வால்வு இடைவெளி) வைத்துப் பழகிய வயதான மெக்கானிக் யாராவது அருவங்காடு பக்கமோ மேட்டுப்பாளையத்திலோ இருந்தால், அவரிடம் கொஞ்சம் பேசுங்கள். குடும்பம் ஒன்று என்பதற்காக அம்பாசடர் பாகம் அப்படியே பொருந்தும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அளந்து பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

இப்படி ஒரு கார் கையில் வந்ததும் எல்லாரும் செய்வது, பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பது. இன்ஜின் பிடித்துவிட்டால் ஆசை விடாது, "கேட் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்று தோன்றும். குன்னூரில் கேட்டுக்கு வெளியே சமதரை எங்கே இருக்கிறது? ஓடாத கார் யாரையும் ஒன்றும் செய்யாது, நிற்காத கார்தான் ஆபத்து. அதனால் நிறுத்தும் வேலை முதலில்.

அதற்கும் முன்னால் ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது. இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. மேற்கூரை இல்லாத மாடல் என்றால் வண்டியின் பலம் முழுக்கக் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளில்தான் இருக்கிறது. கதவைச் சாத்தி, அதன் பின்பக்க இடைவெளியைப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கம் ஜாக்கி போட்டு மெல்ல உயர்த்துங்கள். இடைவெளி மேலே குறுகினாலோ, கதவு திறக்க முரண்டு பிடித்தாலோ சில்லின் உள்தகடு போய்விட்டது என்று அர்த்தம். வெளித்தகட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்து மினுக்கியிருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அடிப்பக்கம் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும். சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டிகள், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், தரைத்தகடு, முன் ஃபெண்டரின் மேல் விளிம்பு ஆகியவற்றையும் பாருங்கள்.

சில் போயிருந்தால் அந்த ஒரு வேலை பட்டறைக்குத்தான். ஆனால் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். பழைய தகட்டை அறுக்கும் முன் கதவு நிலையின் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். நம் டிங்கரிங் ஆட்கள் கைத்திறனில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் சேஸிஸ் உள்ள வண்டிகளில் பழகிய கை, இதையும் அப்படியே அறுத்துவிடும். பாடி நடுவில் தொய்ந்துவிட்டால் அதற்குப் பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது.

சரி, பிரேக். 1965 மாடலில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி என்பதால் எங்கோ ஓர் இடத்தில் குழாய் விட்டால் கால் பிரேக் மொத்தமும் போய்விடும், கை பிரேக் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே "இது நல்லாத்தானே இருக்கு" என்று எதையும் விட்டு வைக்காதீர்கள். மூன்று ரப்பர் ஹோஸ்கள் உண்டு, முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று. வெளியே வெடிப்பு இல்லாவிட்டாலும் மூன்றையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடி டிஸ்க் பழுக்கும்.

மாஸ்டர் சிலிண்டரையும் பின் வீல் சிலிண்டர்களையும் கழற்றி உள்சுவரைப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். ஜூனில் தொடங்கும் மழை ஓய்ந்து முடிவதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிடும் ஊர் இது. 12 வருடம் நின்ற சிலிண்டருக்குள் துருக்குழி இருந்தால் ஆச்சரியமில்லை. குழி விழுந்த சிலிண்டரில் புது வாஷர் போட்டால் சில வாரங்களில் கிழிந்துவிடும். புதிது வாங்குங்கள், அல்லது கோவையில் நல்ல லேத் பட்டறையில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர், இந்த வேலை அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. இரும்புக் குழாய்களில் துரு இருந்தால் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போடுங்கள். வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். கிளட்சும் இதே ஆயிலில்தான் வேலை செய்கிறது. மூடியைத் திறந்த கையோடு அதன் இரண்டு சிலிண்டர்களையும் பார்த்துவிடுங்கள்.

இந்த ரப்பர்கள் அருகே இன்ஜின் ஆயில், கிரீஸ், மண்ணெண்ணெய் எதுவும் போகக் கூடாது, ஊதிவிடும். கழுவுவதற்குப் புது பிரேக் ஆயில் அல்லது ஸ்பிரிட். டாட் 4 தர பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஏர் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் ஆயிலை மாற்றுங்கள். சமவெளியில் இரண்டு வருடம் தாங்கும், இங்கே வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஆளோடு சேர்த்து ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடையுள்ள கார் அந்த ஒன்றரை கிலோமீட்டரை இறங்கும்போது ஏறக்குறைய 16 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். மூன்று குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளாத மிச்சம் அத்தனையும் பிரேக்கில்தான் இறங்கும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறியதற்குத் தரம் 155 டிகிரிதான். பர்லியாறு தாண்டும் முன் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எம்ஜிபியின் நட்டுகள் அங்குல அளவு, முக்கால்வாசி வேலைக்கு 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் போதும். அரை அங்குலத்தில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் மாட்டும், ஆனால் இறுகிய நட்டில் முனையை மழுக்கிவிடும். 9/16-க்கு 14 நுழையாது, 15 சுற்றும். ஆகவே அங்குல செட் ஒன்று வாங்கிவிடுங்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் நல்ல பழைய ஸ்பேனர் அகப்படும். நம் தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர்களிடம் இருப்பது பெரும்பாலும் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) செட். பழைய ரோலர் மெஷின்களுக்கு அதுதான் வேண்டும். எம்ஜிபிக்கு அது பொருந்தாது, அதற்கு முந்தைய எம்ஜி டிசி, டிடி வைத்திருப்பவர்களுக்குத்தான் அது பொக்கிஷம். இன்னொன்று: காருக்கு அடியில் படுக்கும்போது இரும்பு ஸ்டாண்டு கட்டாயம். ஹாலோ பிளாக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

அடுத்தது பெட்ரோல் டாங்க். கழற்றி, மிச்சமிருக்கும் பெட்ரோலை வெளியேற்றுங்கள், வாடையே சொல்லும் அது எதற்கும் உதவாது என்று. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்தக் காரின் ரப்பர்களை வடிவமைத்தவர்கள் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பம்பின் டயஃப்ரம், கார்பரேட்டர் கப்பின் வாஷர் எல்லாவற்றுக்கும் அதே விதி. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து தனியே பிரிந்து டாங்கின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டாங்கைக் காலி செய்துவிடுங்கள்.

எஸ்யு கம்பெனியின் பெட்ரோல் பம்ப் பின்சக்கரத்துக்கு முன்னால், அடியில் இருக்கும். சாவி போட்டதும் டக்டக்கென்று அடித்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ கசிவு அல்லது டாங்கில் பெட்ரோல் இல்லை. சத்தமே இல்லையென்றால் பம்பின் பாயிண்ட் (மின் தொடுமுனை) ஒட்டிக்கொண்டிருக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் இது நிச்சயம். தட்டினால் ஓடும்தான். ஆனால் தட்டி ஓட்டுகிற பம்ப் கொண்டை ஊசி வளைவில்தான் மறுபடியும் நிற்கும். பாயிண்டைச் சுத்தம் செய்து பூட்டுங்கள்.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் கல்வெட்டாக எழுதி வையுங்கள்: 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த். எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் மைனஸை எர்த் செய்தால் டைனமோ குழம்பும், பின்னால் யாராவது வைத்த ரேடியோ புகையும். யாராவது இடையில் மாற்றியிருக்கவும் கூடும், முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்க வேண்டும். பலர் ஒரு 12 வோல்ட்டாக மாற்றிக்கொள்கிறார்கள், தவறில்லை. இந்தக் காரில் இருக்கும் லூகாஸ் கம்பெனி மின்சாமான்களை வெள்ளைக்காரர்களே கிண்டல் அடிப்பார்கள். நமக்கு அந்தச் சிரமம் குறைவு. 1961 முதல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் இருப்பதால், டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் பழைய எலக்ட்ரீஷியன்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குறை பெரும்பாலும் எர்த் முனைகளில்தான். ஒவ்வொன்றையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, வாசலின் தடவி மாட்டினாலே பாதி வியாதி போய்விடும். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ரிலேயும் ஃபியூஸும் சேர்ப்பது நல்லது. எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போதுதான் இன்ஜின். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் இன்ஜின் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பலவந்தம் வேண்டாம், மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. சுற்றினால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், ஆயில் 20டபிள்யூ-50 ரகம். பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் கேஜின் முள் எழும்பும் வரை சுற்றவிடுங்கள். டாப்பெட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், பட்டறைக் கணக்கில் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டும் அதே 15. பிளக் 25. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஈயமில்லா பெட்ரோல் வால்வு சீட்டைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். இந்தியாவில் 2000-லேயே ஈயம் போய்விட்டது. மிதமாக ஓட்டுகிற காரில் இது அவசர வேலை இல்லை. எக்ஸாஸ்ட் டாப்பெட் இடைவெளி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் ஹெட்டைக் கழற்றிக் கடின சீட் போடுங்கள்.

ரேடியேட்டர் மூடியை மறக்க வேண்டாம். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் அழுத்தம்தான் அதை உயர்த்துகிறது. தளர்ந்த மூடி கீழே சமாளிக்கும், இங்கே சமாளிக்காது. ஊட்டி பக்கம் தை மாதத்தில் உறைபனி உண்டு. வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தால் வார்ப்பிரும்பு பிளாக்கே வெடிக்கக்கூடும், கூலண்ட் கலந்தே ஊற்றுங்கள்.

கார்பரேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையில் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். இரட்டை எஸ்யு. மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. குன்னூரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 83 சதவீதம் அளவுதான். எஸ்யுவின் அமைப்பில் இதனால் கலவை சுமார் 9 சதவீதம் ரிச் (பெட்ரோல் கூடுதல்) ஆகும். ஆகவே "மலைக்கு லீன் பண்ணு" (பெட்ரோலைக் குறை) என்பது பழைய அறிவுரை, அந்தக் காலப் பெட்ரோலுக்கு அது சரி. ஆனால் 20 சதவீத எத்தனால் கலவையை 7, 8 சதவீதம் லீன் பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன! குன்னூரில் தொழிற்சாலை அமைப்பிலேயே கார் நன்றாக ஓடினால் ஆச்சரியப்படாதீர்கள். சிக்கல் கீழே இறங்கும்போதுதான். மேட்டுப்பாளையத்தில் மலையின் பங்கு போய் எத்தனாலின் பங்கு மட்டும் நிற்கும். லீன் ஆகிச் சூடேறும், இழுவையில் தட்டும். கோவைப் பக்கம் நெடுந்தூரம் போவதென்றால் கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் ஜெட் நட்டை ஒன்றிரண்டு பட்டை (நட்டின் ஒரு பக்கம் ஒரு பட்டை) கீழே இறக்குங்கள். கீழே இறக்கினால் ரிச், மேலே ஏற்றினால் லீன். இரண்டு கார்பரேட்டரிலும் ஒரே அளவு.

சோதிப்பது எளிது. இன்ஜின் சூடான பிறகு, ஐடிலில், பிஸ்டனைத் தூக்கும் சின்ன ஊசியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். திணறி அணையப் பார்த்தால் லீன். ஒரு கணம் கூடி உடனே அடங்கினால் சரி. அதற்கு முன்னால் இரண்டும் சமமாகக் காற்று இழுக்கிறதா என்று ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டு இணைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் இழுவை குறைகிறது என்றால் ஓடும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். எஸ்யுவில் சோக் ஜெட்டைத்தான் இறக்குகிறது. இழுவை கூடினால் லீன் என்று தெரிந்துவிடும். முன் கார்பரேட்டரின் பிஸ்டனும் மூடியும் ஒரு ஜோடி, பின்னதில் உள்ளவை வேறு ஜோடி. கழுவும்போது கலந்துவிடக் கூடாது.

எவ்வளவு சரி செய்தாலும் மெலிந்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பலம் குறைவாகத்தான் இருக்கும். இன்ஜின்மேல் பழி போடாதீர்கள்.

முன்பக்கக் கிங்பின்களுக்கு (முன்சக்கரம் திரும்பும் அச்சு) கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் இருக்கக் கூடாது. எடை இருந்தால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. கம்பிச் சக்கரம் என்றால் தளர்ந்த கம்பிகளையும் ஹப்பின் பற்களையும் பாருங்கள். இடது ஹப்பையும் வலது ஹப்பையும் மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் நடு நட்டு தானே கழன்றுவிடும். டயர் பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் 12 வருட டயர் குப்பைக்குத்தான்.

மலையில் ஓட்டும் விதி உங்களுக்கே தெரியும், ஏறின கியரில்தான் இறங்க வேண்டும். இந்தக் காருக்குக் கூடுதலாக ஒன்று: 1965 கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (ஓட்டத்தில் பற்களின் வேகத்தைச் சமன்படுத்தும் அமைப்பு) இல்லை. கொண்டை ஊசியில் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்குத் தள்ளினால் பல் கரகரக்கும். டபுள் கிளட்ச் (நியூட்ரலில் கிளட்சை விட்டு, மறுபடி மிதித்துக் கியர் போடுவது) பழகுங்கள், இல்லையென்றால் இரண்டாவதிலேயே வேகத்தை வைத்து வளைவை முடியுங்கள்.

கொட்டகையில் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது மழையைத் தடுக்கிறதோ இல்லையோ, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. பருத்தித் துணி போதும், காற்று போக வழி வேண்டும். பெயிண்ட் வேலை, சில்லுக்குள் மெழுகு அடிக்கும் வேலை எல்லாம் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகித விவகாரம்: 2021 விதிகளின்படி 50 வருடம் கடந்த கார்களுக்கு 'விஏ' வரிசையில் வின்டேஜ் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அதில் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். ஞாயிறுதோறும் கோத்தகிரி போய் டீ குடிக்கும் எண்ணம் இருந்தால் சாதாரண ஆர்சியை எப்சி பார்த்துப் புதுப்பிப்பதே மேல்.

முதல் ஓட்டத்துக்கு மேட்டுப்பாளையம் பக்கம் திரும்பவே வேண்டாம். வெலிங்டன், அருவங்காடு வரை போய்த் திரும்புங்கள். வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே ஹோஸோ பிஸ்டனோ பிடிக்கிறது. பின் டிரம்மில் என்றால் அட்ஜஸ்டரை ஒரு கிளிக் தளர்த்திப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் வீல் சிலிண்டரை மறுபடி திறக்க வேண்டியதுதான். சில்லின் அடிப்பக்கத்தையும் பேட்டரிப் பெட்டியையும் படம் எடுத்துப் போடுங்கள். வெல்டிங்குக்கு எவ்வளவு தகடு வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.